அடுக்கில் வந்த மூன்று

அம்பத்தூர் எஸ்டேட்டில் கிரேன் செய்து மாட்டித் தரும் பட்டறை ஒன்றில் லாவண்யாவுக்கு டைப்பிங் வேலை. இன்ஜினியர் ஸ்ரீகாந்த் தாளில் எழுதித் தரும் கணக்குகளை, கம்ப்யூட்டரில் சமன்பாட்டுப் பெட்டியைத் திறந்து அப்படியே ஏற்றுவாள்.

அன்று வந்தது, லோடு தொங்கும்போது புது இரும்பு பீம் எவ்வளவு வளையும் என்ற கணக்கு. நீளத்தைக் குறிக்கும் எழுத்தின் தலையில் அவர் 2 போட்டிருந்தார். அவளும் 2 போட்டாள். அடுத்த வரிக்குப் போனதும் அது 3 ஆகிவிட்டது. அழித்துவிட்டுப் போட்டாள். மறுபடியும் 3. பக்கத்து கம்ப்யூட்டரிலும் அதே கதைதான்.

"சார், ரெண்டு போட்டா மூணா மாறிடுது."

"நகரும்மா, நான் போடறேன்."

அவர் போட்டதும் மாறியது. சிரித்துக்கொண்டே கால்குலேட்டரை எடுத்தவருக்கு, கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது.

"மூணுதாம்மா சரி. நான்தான் தப்பா எழுதிட்டேன். வாங்கி வெச்ச பீம் தாங்காது."

மறுநாள் அந்த பீமுக்கு அடியில் நின்று லோடு மாட்ட வேண்டியவன் தேவா, லாவண்யாவின் புருஷன்.

வேறு கனமான பீம் வந்த பிறகுதான் வேலை நடந்தது. லோடு ஏறியது, பத்திரமாக இறங்கியது. அன்று சாயங்காலம் தேவா கை கழுவிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"இன்னா, ஊட்டுக்குப் போலாமா?"

"தோ வந்துட்டேன்."

அவள் அந்த ஃபைலைத் திறந்து, கணக்குக்குக் கீழே ஒரு சமன்பாட்டுப் பெட்டி போட்டு, 'நன்றி' என்று அடித்தாள். எழுத்து மாறவில்லை. பக்கத்தில் ஒரு சமக்குறியும், அதற்கப்பால், அடுத்த கணக்குக்கு இடம் விட்டதுபோல, ஒரு காலிப் பெட்டியும் தானாக வந்து நின்றன.

லாவண்யா அதை அழிக்காமல் சேவ் செய்துவிட்டு எழுந்தாள்.