கண்மாயில் இருபது சுற்று

சித்திரை மாத ஜல்லிக்கட்டுக்காகக் காளை தினமும் கண்மாயில் இருபது சுற்று நீந்தியது. முதலில் மூச்சும் காலும் வலுத்தன. ஒரு மாதமாக எதுவும் கூடவில்லை.

"போன வருஷம் மூச்சு வாங்கித்தான் பிடிபட்டேன். இந்த வருஷமும் அப்படித்தான் போலிருக்கு" என்றது, முதுகில் நின்ற கொக்கிடம்.

"நீங்க நீந்தி ஒரு மாசமாச்சேண்ணே. தண்ணி வயித்தளவுக்கு வத்திப்போய், தரையில நடந்துக்கிட்டுல்ல இருக்கீங்க?"

காளை திடுக்கிட்டு நின்றது. கண்மாய் நடுவிலேயே காளையால் நிற்க முடிந்தது.

"முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?"

"நீங்க சுத்தை எண்ணிக்கிட்டே இருந்தீங்க. எனக்கும் உண்ணி கொத்த வசதியா இருந்துச்சு."

காளை இன்னும் வற்றாத மடையோரத்து ஆழத்தைப் பார்த்தது. "இன்னைக்கு எண்ணப் போறதில்ல. அந்த மடைக்கல்லைத் தொட்டுட்டுத்தான் திரும்புவேன்."

சற்றுத் தூரத்திலேயே குளம்புக்குக் கீழே தரை இல்லாமல் போனது. கொக்கு பறந்துவிட்டது. காளை மூச்சிரைக்க நான்கு காலாலும் தண்ணீரை உதைத்தது. மடைக்கல் மெதுவாகக் கிட்டே வந்தது.