சாக்பீஸ் தோட்டம்

எங்க வீட்டுக்காரம்மாவுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கான்னே எனக்குச் சந்தேகம்தான்.

குடிவந்த அன்னிக்கே கறாரா சொல்லிட்டாங்க. மொட்டை மாடியில ஒரு பூந்தொட்டிகூட வைக்கக் கூடாது, தண்ணி இறங்கினா கீழே சுவரெல்லாம் ஊறிடும். வச்சா அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணணும்.

என் மனைவி முகம் சுருங்கிப் போச்சு. பாவம், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ கேட்டது நகை நட்டில்லை. நாலு செடி. மாத்தி மாத்தி வாடகை வீடு பாத்தோம், எல்லா வீட்டுலயும் இதே பாட்டுதான்.

அவ வீட்டுலயே துணி தைக்கறவ. ஒரு சாயங்காலம், துணியில கோடு போடற சாக்பீஸை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனா. நான் போய்ப் பாக்கறப்ப வெறுந்தரையில தோட்டம் போட்டுட்டிருந்தா.

சட்டைக்கு அளக்கற மாதிரியே டேப் பிடிச்சு அளந்து, ரோஜாவுக்கு ஒரு பாத்தி, முல்லைக்கு ஒரு வளைவு, மூலையில கொய்யா. நடுவுல நடக்கறதுக்கு வழி. ஒவ்வொரு செடியைச் சுத்தியும் இன்னொரு கோடு.

அது எதுக்குன்னு கேட்டேன்.

"தையலுக்கு உள்ளே துணி விட மாட்டோமா? வளந்தா பிரிச்சு விடணுமில்ல."

அதுலேர்ந்து தினமும் சாயங்காலம் எங்களுக்கு ஜாகை அங்கதான். காத்து வீசும், அவ கண்ணை மூடிக்குவா. இன்னிக்கு முல்லை நிறையப் பூத்திருக்குன்னு சொல்வா. சத்தியமா சொல்றேன், எனக்கும் வாசனை வந்துச்சு. நான் ஒரு ஊஞ்சல் கேட்டேன். கொய்யா இன்னும் பெரிசாகட்டும், இப்போ கிளை தாங்காதுன்னுட்டா. மழை பேஞ்சு அழிஞ்சா மறுபடி வரைவா. செடியெல்லாம் முன்னைவிடக் கொஞ்சம் வளந்திருக்கும்.

ஒரு நாள் வீட்டுக்காரம்மா துணி காயப்போட மேலே வந்தாங்க. இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னாங்க.

"என்ன இது, தரையெல்லாம் கிறுக்கல்?"

இவ மெதுவா, தோட்டம்னு சொன்னா. எது எந்தச் செடின்னு கையைக் காட்டி விவரமும் சொன்னா. அந்தம்மா விறுவிறுன்னு கீழே இறங்கிட்டாங்க.

போச்சு, காலி பண்ணச் சொல்லப் போறாங்கன்னு நான் புலம்பினேன்.

"வீடு போனா வேற வீடு பாத்துக்கலாம்ங்க. தோட்டத்தை அழிச்சுடுவாங்களோன்னுதான் எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் காலையில, தண்ணி டேங்க் கழுவற ஆள் வாளியும் துடைப்பமுமா மாடி ஏறினார். பின்னாலயே வீட்டுக்காரம்மாவும் போனாங்க. கொஞ்ச நேரத்துல மேலே ஒரே அதட்டல்.

"கழுவி விடறாங்க போலிருக்கு"ன்னு இவ தையல் மெஷினை அப்படியே விட்டுட்டு ஓடினா. நானும் ஓடினேன்.

மாடியில அந்த ஆள் ஒத்தைக் காலைத் தூக்கிக்கிட்டு, எங்கே வைக்கறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னார். எதிரே வெறுந்தரையும் அழியாத சாக்பீஸ் கோடும்தான்.

வீட்டுக்காரம்மா அவரை விடறதா இல்லை.

"கண்ணு எங்கய்யா இருக்கு? அந்தப் பொண்ணு நடுவுல வழி விட்டு வச்சிருக்குல்ல, அதுல நடந்து போ. முல்லையை மிதிச்சே, தெரியும் சேதி."