பாறையில் ஒரு பிஞ்சுக் கை

போன மாதம் லீவில் வந்தபோது என் சின்ன மகள் சொன்னது இது. பழங்காலப் பாறை ஓவியங்களை ஆராயும் குழுவில் அவளுக்கு வேலை.

"இதென்ன, தொட்டில் கட்டுற இடமா?"

குழுத்தலைவி போட்ட சத்தத்தில் பாறையடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'சுத்தியல்' என்று பெயர்.

எதிரே, கூட வேலை பார்க்கும் சிட்டு. இடுப்பில் கைக்குழந்தை.

"குழந்தையைப் பார்த்துக்கிட்டிருந்த பொண்ணு சொல்லாம கொள்ளாம நின்னுட்டா மேடம்..."

"குழந்தை கை ஓவியத்துல பட்டா யாரு பதில் சொல்றது? பாறைப் பக்கமே வராதே. கூடாரத்துல உட்கார்ந்து படங்களைக் கம்ப்யூட்டர்ல பாரு. முதல்ல இந்த மூலையில எடுத்த படத்தைப் பாரு."

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். குழந்தையால் அடிக்கடி லீவு போடுகிறாள், அவளை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று ஆபீஸில் ஏற்கெனவே பேச்சு.

"கல்லைப் பார்த்துப் பார்த்து இந்தம்மா மனசும் கல்லாப் போச்சு," என்று பொருமினாள் என் மகள்.

அந்த மலையின் ஆதிக்குடிகள் பாறைமேல் கையை வைத்து, வாயிலிருந்து சாயத்தை ஊதி, கையின் அச்சைப் பதித்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷத்தில் பாதி மங்கிவிட்டது. படமெடுத்து, கம்ப்யூட்டரில் நிறத்தைக் கூட்டினால், வெறும் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும்.

சிட்டு நிறத்தைக் கூட்டினாள். ஒரு பிஞ்சுக் கை எழுந்து வந்தது.

மடியிலிருந்த குழந்தை திரையை அடிக்கப் பாய்ந்தது. சட்டென்று அதன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. திரையிலும் அந்தப் பிஞ்சு மணிக்கட்டைச் சுற்றிப் பெரிய விரல்கள்!

"மேடம்! குழந்தையை யாரோ பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க!"

பாறையடியில் இருந்தவர்கள் எல்லாம் கூடாரத்தில் கூடிவிட்டார்கள். சுத்தியல் மட்டும் அசரவில்லை.

"அறிக்கை எழுது. கண்டுபிடிச்சது யாருன்னு உன் பேரைப் போடு."

கூட்டம் கலைந்ததும் என் மகள் மெதுவாகக் கேட்டாள். "எதுக்கு மேடம் அந்தப் படத்தையே முதல்ல குடுத்தீங்க?"

"அங்க விரல் மாதிரி இருக்கேன்னு நேத்தே எனக்குச் சந்தேகம்."

"அப்ப நீங்களே பார்த்திருந்தா, பேரு உங்களுக்கு..."

"எனக்கு எதுக்கும்மா இன்னொரு பேரு? இனிமே அவளை எந்த ஆபீஸ் வேலையை விட்டு அனுப்பும்னு பார்த்துடலாம்! வாயை மூடிக்கிட்டு, போய்க் குழந்தையை வாங்கு. அவ ரெண்டு வாய் சாப்பிடட்டும்."

அந்தச் சுத்தியல் அம்மா நல்லா இருக்கணும் என்று, இன்று சாமி கும்பிடும்போது நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.