பாதி உங்களுக்கு

பிப்ரவரி 16, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு செய்தேன்.

எழுதிவிட்டுப் பார்த்தாள் வாசுகி.

'சிறு' என்பதை அடித்தாள். அதற்கு மேலேயே மறுபடி 'சிறு' என்று எழுதினாள்.

அதையும் அடித்தாள்.

*

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள்.

அண்ணி எழவில்லை. முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிட்டாள்.

தனக்கும் சேர்த்துத்தான் வழிவிடுகிறாள் என்று வாசுகி நினைத்தாள்.

அண்ணியின் அம்மா இறந்து ஓராண்டு. சர்ச்சில் நினைவுப் பூசை. அண்ணன் உள்ளே வர மாட்டான். அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும் என்று அவளாகத்தான் கிளம்பி வந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணி சொல்லியிருந்தாள்.

"எல்லாரும் எந்திரிச்சா எந்திரி. உக்காந்தா உக்காரு. பாட்டுக்கு வாய அசைச்சாப் போதும், பாதிப் பேரு அதத்தான் பண்றாங்க."

அவள் அப்படியே செய்தாள். சிலுவை போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று முதல் நாளே யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். மண்டியிடுவதைப் பற்றி யோசிக்க விட்டுப்போயிற்று. அதனால் மண்டியிட்டாள். முட்டி வலித்தது. வேறொன்றும் ஆகவில்லை.

மைக்கில் அண்ணியின் அம்மா பெயரைப் படித்தார்கள். சவரியம்மாள், ஆன்ம இளைப்பாற்றிக்காக. அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து விட்டாள்.

பீடத்துக்குப் போகும் வரிசையைப் பற்றி அண்ணி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எல்லாரும் எழுந்தார்கள், எழுந்தாள். நடந்தார்கள், நடந்தாள். துப்பட்டா தலையில் இருந்தது. மற்றவர்களிடமிருந்து அவளைப் பிரித்துக்காட்ட எதுவும் இல்லை.

பாதிரியார் வெள்ளையான, வட்டமான, மெல்லிய அப்பம் ஒன்றை அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

முன்னால் போனவர் என்ன பதில் சொன்னார் என்று அவள் கவனித்திருக்கவில்லை.

"சரிங்க ஃபாதர்," என்றாள்.

அவர் ஒரு கணம் நிறுத்தினார். அவளுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. தீர்த்தம் வாங்குவதுபோல் இடது கைமேல் வலது கையை வைத்து நீட்டியிருந்தாள். அதில் வைத்துவிட்டார்.

அவள் வாயில் போடவில்லை.

பிரசாதத்தைத் தான் மட்டும் தின்றுவிட்டு வருகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. வர முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அண்ணிக்கு இடுப்பு வலி உண்டு. அதனால்தான் எழவில்லை.

கையை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். உட்கார்ந்து, திறந்தாள்.

"இந்தாங்க அண்ணி. பாதி உங்களுக்கு."



"அடிப்பாவி. வாயில போடலையா நீ?"

"உங்களுக்கும் வேணும்ல."

அண்ணி கையை நீட்டவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. பந்தியில் இடம் கிடைக்காதவர் இலையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எனக்குக் குடுக்க மாட்டாங்க வாசுகி. சர்ச்சுல கல்யாணம் பண்ணலல்ல. ஒங்கண்ணனைக் கட்டுன நாள்லேர்ந்து நான் இத வாங்குனதில்ல." குரல் இன்னும் தாழ்ந்தது. "அம்மாவுக்காக இன்னைக்கு ஒரு நாளாவது வாங்கணும்னு இருந்துச்சு."

வீட்டில் அந்தச் சண்டையை வாசுகி கேட்டிருக்கிறாள். பதிவுத் திருமணம் போதாது என்று சர்ச்சில் சொல்லியிருந்தார்கள். அண்ணன் மதம் மாற வேண்டாம். பாதிரியார் முன்னால் அண்ணியோடு நின்று, இவள்தான் என் மனைவி என்று சொன்னால் போதும். அரை மணி நேர வேலை. அண்ணன் மறுத்துவிட்டான்.

"நம்பாத எடத்துல போய் நின்னு தலையாட்டுனா அது பொய்யில்லையா?"

அவள் அண்ணன் பக்கம்தான் இருந்தாள். நேர்மையான பேச்சு என்று டைரியில் அன்றைய தேதியில் எழுதியும் வைத்தாள்.

அண்ணிக்கு எது கிடைக்காமல் போகிறது என்று அன்று அவள் கேட்கவில்லை.

இப்போது அது அவள் உள்ளங்கையில் இருந்தது. எடையே இல்லை.

"நீயே சாப்பிட்டுடு. கீழ விழக் கூடாது."

சாப்பிட்டாள். ருசி என்று எதுவும் இல்லை. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அண்ணி அவள் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். மூடிக்கொண்டு வந்ததில் ஓரம் நொறுங்கியிருந்தது. ரேகையில் ஒரு துகள்.

ஆள்காட்டி விரலால் ஒற்றி எடுத்தாள்.

விரலை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

வாசுகி தலையைத் திருப்பிக்கொண்டாள். முன் பெஞ்சில் ஒரு குழந்தை பாட்டுப் புத்தகத்தின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பியபோது அண்ணி மண்டியிட்டிருந்தாள். முகம் கைகளுக்குள் இருந்தது.

*

அண்ணன் எதிர்ப்புற டீக்கடையில் நின்றான். வெயிலோ மழையோ, ஞாயிறு தவறாமல் அண்ணியைக் கொண்டுவந்து விடுவான். பூசை முடியும்வரை நிற்பான். கேட்டைத் தாண்டியதில்லை.

"என்ன, ஒன் தலையிலயும் தண்ணி தெளிச்சுட்டாங்களா?"

அவன்தான் சிரித்தான். அவர்கள் சிரிக்கவில்லை.

அண்ணி வண்டியில் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு விரல் மட்டும் தோளில் படாமல் மடங்கியிருந்தது.

*

அடித்த வரிக்குக் கீழே எழுதினாள்.

நாளை, திங்கள்.

மாலையில் அண்ணன் பட்டறைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கையைப் பற்றிப் பேசக் கூடாது.

அரை மணி நேரம் நிற்க முடியுமா என்று மட்டும் கேட்க வேண்டும்.