கம்பளத்தில் ஓர் ஓட்டை

கால்சட்டைக்கு இஸ்திரி போட்ட வண்டிக்காரர், அடியில் விரித்திருந்த குதிரைக் கம்பளத்தைப் பொசுக்கிவிட்டார். முதலாளி கொடுத்த கம்பளம். இன்று லாயத்தைப் பார்க்க வேறு வருகிறார்.

“குதிரை கடிச்சிடுச்சுன்னு சொல்லிடறேன்.”

“கடிச்சா கருகுமாங்க?” என்றாள் மனைவி. “அதோட, பாவம், அது இந்தக் கம்பளத்தைக் கண்ணால பார்த்ததே இல்லையே! ராத்திரி நமக்குப் போர்வை, மழைக்கு ஜன்னல் திரை, இப்போ உங்க இஸ்திரி மேசை!”

முதலாளி வந்தார். “குதிரைக்குப் போர்த்துய்யா, பார்ப்போம்.”

கம்பளத்தைக் கண்டதும் குதிரை, பேயைக் கண்டதுபோல் மிரண்டு நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. முதலாளி ஓட்டை வழியாக வண்டிக்காரரைப் பார்த்தார்.

“ஐயா, மறைக்காம சொல்லுங்க. என் வேலை போச்சா?”

“குதிரைக்குன்னு ரெண்டு கம்பளம் வாங்கினேன்யா. இன்னொண்ணு எங்க வீட்டு இஸ்திரி மேசையில கிடக்கு. அதுல ஓட்டை இதைவிடப் பெரிசு. பொசுக்கினது நான்தான்.”