சமவெளிக்காரர்

"பேசாதீங்க சம்பந்தி! இங்க மூச்சு மூக்குக்கு மட்டும்தான், வாய்க்குக் கிடையாது" என்று சிரித்தபடி ஸ்டோப்தன் கடைசி வாய் வெண்ணெய்த் தேநீரைக் குடித்து முடித்தார்.

தேவிதத் ஷூவை மாட்டினார். ஜம்முக்காரர், ஸ்டோப்தனுடைய மருமகனின் அப்பா. எழுபது வயது. மடாலயத்தின் பெரிய பட்டு ஓவியத்தைப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் விரிப்பார்கள். இன்று அந்த நாள். வெயில் ஏறினால் சுருட்டிவிடுவார்கள்.

"முந்தாநாள்தான் விமானத்துல வந்து இறங்கினீங்க. இந்த உயரம் உடம்புக்குப் பழகற வரைக்கும் இன்னும் ஒரு நாளாவது படுத்திருக்கணும்" என்றாள் ஸ்டோப்தனின் மனைவி யாங்டோல். போன கோடையில் ஒரு டில்லிக்காரர் அந்த மடாலயப் படிகளிலேயே மூச்சுத் திணறிச் சுருண்டு விழுந்து செத்ததைப் பார்த்தவள் அவள்.

"அடுத்த தடவை எண்பத்திரண்டு வயசுல வரவா? செத்தாலும் இன்னைக்குப் பார்த்துடணும்மா."

படியேறினார்கள். லடாக் வெயில் மண்டையைப் பிளந்தது. யாங்டோல் தேவிதத்தின் கையை விடவேயில்லை. நாலு படிக்கு ஒருதரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஸ்டோப்தன் அவருடைய பையையும் சுமந்துகொண்டு மேலே ஓடி, முற்றத்தில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு, திரும்ப இறங்கி வந்தார்.

"சம்பந்தியைப் பாரு, ஒவ்வொரு படிகிட்டயும் நலம் விசாரிச்சுட்டு வர்றார்!" என்றவர் இருமினார்.

"என்ன இருமல்?" என்றாள் யாங்டோல்.

"திருவிழாத் தூசி."

"சிரிங்க ஸ்டோப்தன்ஜி. நான் விழுந்தா நீங்கதான் தூக்கணும்."

"அதுக்குத்தானே பையைத் தூக்கிப் பழகுறேன்!"

முற்றத்தை அடைந்ததும் நீண்ட கொம்புகள் முழங்கின. நான்கு மாடிச் சுவரில் பட்டு மெல்ல அவிழ்ந்து இறங்கியது. முதலில் கிரீடம். பிறகு கண்கள். அவ்வளவு பெரிய கூட்டம் சட்டென்று அடங்கிப்போனது, குழந்தைகள்கூட அழவில்லை. தேவிதத் மூச்சு வாங்குவதையே மறந்து நின்றார். கன்னத்தில் நீர் வழிந்தது. யாங்டோலுக்கு இது மூன்றாவது முறை. அப்படியும் கைகூப்பி நின்றாள்.

"பார்த்துட்டேன்மா" என்றார் தேவிதத். அவர் உதடு சிவப்பாக இருந்தது, பேச்சும் தெளிவாக இருந்தது. பிழைத்துவிட்டார்.

அதைச் சொல்ல யாங்டோல் கணவர் பக்கம் திரும்பினாள். ஸ்டோப்தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடுகள் நீலமாக இருந்தன. வாயோரம் நுரை.

மருத்துவ முகாமிலிருந்து டாக்டர் ஓடிவந்தார். ஆக்சிஜன் வைத்தார், மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார். கடைசியில் கையை எடுத்துவிட்டு, "இவர் கீழேயிருந்து எப்ப வந்தார்?" என்று கேட்டார்.

"என்ன டாக்டர் இப்படிக் கேக்கறீங்க? அவர் இந்த மலையிலயே பிறந்தவர்!" என்று கத்தினாள் யாங்டோல்.

தேவிதத் மெதுவாக அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.

"பேரன் பிறந்ததுலேர்ந்து ஆறு மாசமா ஜம்முல எங்க வீட்லதான் இருந்தார் டாக்டர். முந்தாநாள் என் பக்கத்து சீட்லதான் வந்தார்."