புரட்டாதிக் கடைசிச் சனி

பக்கத்து வீட்டு யோசேப்பு முற்றம் கூட்டுகிற தும்புத்தடியை ஓங்கியபடி வேலியோரம் நின்றார்.

உதயகுமாரி குசினி ஜன்னலில் நின்று பார்த்தாள். பின்வளவில் வாழையிலைத் துண்டில் அவள் வைத்த சோற்றை நோக்கிப் பறவைகள் இறங்கியதுதான் தாமதம், அவர் குட்டை வேலிக்கு மேலால் தடியை வீசி "ஹோய்! ஹோய்!" என்று கத்தினார். ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவிக்குள்ளால் சிறகுகள் படபடத்துக் கலைவது மட்டும் தெரிந்தது.

"பாத்தீங்களே? காகத்தை அடிச்சுக் கலைக்கிறார். போன சனியும் இந்த மனுசன்ரை வேலையாத்தான் இருக்கும்."

கணவர் இரத்தினவேல் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றாகிவிட்டது. "காலமை சீனி வருத்தத்துக்கு ஊசியும் போட்டிட்டு வெறும் வயித்தோடை நிக்கிறாய். முதல்லை சாப்பிடு."

"காகம் தொடாமல் நான் தொடமாட்டன். முப்பத்தாறு வருசமாப் பிடிக்கிற விரதம். இண்டைக்குக் கடைசிச் சனியப்பா."

போன சனிக்கிழமையும் இப்படித்தான். அவள் அடிக்கொருதரம் வந்து எட்டிப் பார்த்தாள். இலை வெறுமையாகக் கிடந்தது, காகத்தை மட்டும் காணவில்லை. கண்ணால் காணாமல் சாப்பிடமாட்டேன் என்று மாலைவரை இருந்தவள் புல்லிலேயே மயங்கி விழுந்தாள்.

நோர்வேயின் பியோர்ண்டாலில் அந்த வரிசை வீடுகளுக்குள் அம்புலன்ஸ் வந்து நின்றபோது, யோசேப்பு தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி இருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டால் எலி வரும் என்று குடியிருப்புக் குழுத் தலைவர் மார்க்கசுக்கு வசந்த காலத்தில் அவர் கடிதம் எழுதியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

உதயகுமாரி கணவரின் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். இலையருகே ஒரு வெள்ளை இறகு கிடந்தது. சிதறியிருந்த சோற்றைக் கையால் கூட்டி மறுபடி இலையில் குவித்தாள்.

"உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?"

"இருக்கு. நீங்கள் செய்ய விட்டால்தானே."

"வாயில்லாத சீவனிலை உங்களுக்கு என்ன கோவம்?"

"எனக்கென்ன கோவம்? உங்கட சனீஸ்வரனுக்கு நோர்வே விசா குடுத்தது ஆரெண்டுதான் யோசிக்கிறன்."

"உங்கட வாசலிலை மாதா படம் தொங்குது. அவ இதையெல்லாம் பாத்துக்கொண்டுதான் இருக்கிறா."

"பாக்கட்டும். வடிவாப் பாக்கட்டும். நீங்கள் உள்ளை போங்கோ."

"இது என்ரை வளவு!"

"உங்கட வளவுதான், ஆர் இல்லையெண்டது? உள்ளை போய் ஜன்னல் சீலையையும் இழுத்து விடுங்கோ. நீங்கள் நிண்டால் காரியம் சரிவராது."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாழ்நாளில் யாரையும் சபித்து அறியாதவள், கோயிலிலிருந்து வந்து நெற்றியில் திருநீறு அழியாமல் நிற்கையில் அதைச் சொன்னாள்.

"பசிச்ச வயித்திலை அடிக்கிறவன் நல்லா இருக்கமாட்டான்."

யோசேப்பின் முகம் சுருங்கிப்போனது. திரும்பி நடந்து, தன் ஆப்பிள் மரத்துக்குப் பின்னால் தடியோடு குந்தினார்.

"பதுங்கி நிண்டு அடிக்கப் போறார்," என்று உள்ளே வந்து கதிரையில் விழுந்தாள் உதயகுமாரி. நெற்றி வியர்த்து உதடு வெளுத்திருந்தது.

"இவ்வளவு நாளும் பக்கத்து வீடு, ஊர்ச் சனம் எண்டு பொறுத்தனான்." இரத்தினவேல் கைபேசியை எடுத்தார். "மார்க்கசுக்கு அடிக்கிறன். வந்து இந்தாளின்ரை கூத்தைப் பாக்கட்டும். நீ தண்ணியெண்டாலும் குடி."

"காகம் வரட்டும்."

"வராது! அவன் நிக்கிற மட்டும் வராது!"

வெளியே மறுபடி "ஹோய்!" என்று அவர் குரல். தடி வேலிப் பலகையில் அடிபடும் சத்தம். பிறகு இன்னொரு தரம், இன்னும் ஆங்காரமாக. அதற்குப் பிறகு வளவு முழுக்க அமைதியாகிவிட்டது.

அந்த அமைதி உதயகுமாரிக்குப் பிடிக்கவில்லை. "முருகா, அடிச்சே போட்டார் போல கிடக்கு," என்றாள். எழ முயன்றாள், கால் இடங்கொடுக்கவில்லை.

கைபேசியில் மணி போய்க்கொண்டிருந்தது. மார்க்கஸ் எடுக்கவில்லை. அப்போது தெருப்பக்கக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

இரத்தினவேல் கதவைத் திறந்தார். யோசேப்பு தும்புத்தடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். வரிசை வீடுகளைச் சுற்றி ஓடி வந்ததில் முகமெல்லாம் சிவந்திருந்தது.

"வீடு தேடியும் அடிக்க வந்திட்டீரோ?" என்று இரத்தினவேல் கத்தினார்.

யோசேப்பு பதறிப்போய் வாயில் விரலை வைத்தார். அவரைத் தாண்டி உள்ளே, கதிரையில் சாய்ந்து கிடந்தவளைப் பார்த்தார்.

"சத்தம் போடாதேங்கோ, பறந்திடும். கடற்புறாவளைக் கலைச்சுக் கலைச்சு ஒருமாதிரிக் காகத்தைச் சோத்திலை இறக்கிப்போட்டன்," என்றார் மெல்ல. "நீ சாப்பிடு, பிள்ளை."